மூன்றெழுத்துகளின் பொருள்: எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். குறித்து ஒரு சிறு வரலாறு

தில்லி சாந்தினி சௌக்கில் பாகீரத் பேலஸ் என்றொரு சந்தை இருக்கிறது. மின்விளக்குகளும் மின்சாதனங்களும் மொத்தமாக விற்கப்படும் இடம். என் விடுதி நண்பரின் அண்ணன் அங்கே சிறிய விளக்குக் கடை நடத்துகிறார். இடைத்தரகர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர், சென்ற ஆண்டு முதன்முறையாகச் சீனாவின் குவாங்தோங் மாகாணத்திலிருந்து எல்.இ.டி. பேனல் விளக்குகளை நேரடியாக வரவழைத்தார். நவா சேவா துறைமுகத்தில் இறங்கிய சரக்குப் பெட்டகம் இரயிலேறித் துக்ளகாபாத் உள்நாட்டுச் சரக்கு முனையத்தை அடைந்தது. திறந்து பார்த்தபோது, பின்வரிசை அட்டைப்பெட்டிகள் ஊறிப்போய், விளக்குகளின் டிரைவர்கள் துருவேறிக் கிடந்தன. உள்ளே புகுந்தது கடல்நீர் என்று ஆய்வாளர் எழுதிக்கொடுத்தார்.

விற்றவர் அனுப்பிய மறுமொழி இரண்டே வரி: சரக்கு கப்பலில் ஏறியதும் எங்கள் பொறுப்பு முடிந்தது, காப்பீட்டு நிறுவனத்தை அணுகுங்கள். காப்பீட்டு நிறுவனமோ, இந்த வகைக் காப்பீட்டில் கடல்நீர்ச் சேதம் அடங்காது என்றது. விலைப்பட்டியலை என்முன் விரித்து அண்ணன் கேட்டார்: “சி.ஐ.எஃப். நவா சேவா என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே? நவா சேவா வரைக்கும் அவர்கள் பொறுப்பில்லையா? மொழி படித்தவன்தானே நீ, இதற்கு என்ன பொருள் என்று சொல்.”

உடனே என்னால் பதில் சொல்ல இயலவில்லை. தேடிப் படித்தபின் தெரியவந்தது, அவர் கேட்டது ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்து நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி என்பது.

இரண்டு தொடர்களில் மூத்தது எஃப்.ஓ.பி., அதாவது ‘ஃப்ரீ ஆன் போர்டு’. 1812ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கொன்றிலேயே இது காணப்படுகிறது. இங்கே ‘ஃப்ரீ’ என்பதற்கு இலவசம் என்று பொருளில்லை. கப்பலில் ஏற்றும்வரையுள்ள செலவு வாங்குபவரைச் சாராது என்றே பொருள். வாங்குபவரே கப்பலை அமர்த்தி, துறைமுகத்துக்கு அனுப்பிய காலத்தின் சொல் இது. கப்பல் அவருடையது, எனவே சரக்கு அதில் ஏறிய கணத்திலிருந்து இடரும் அவருடையது. சொல்லும் வழக்கமும் அன்று ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்கள் குறித்த நாளில் புறப்படலாயின. வாங்குபவர் கப்பலைத் தேட வேண்டிய தேவை குறைந்தது. விற்பவரே சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லலானார். அதுவே சி.ஐ.எஃப். ஆயிற்று. 1862இல் தீர்ப்பான ட்ரெகெல்லஸ் – சூவெல் வழக்கு இங்கே முக்கியமானது. 300 டன் பழைய இருப்புப்பாதைத் தண்டவாளங்களை ஜெர்மனியின் ஹார்பர்க்கில் ‘ஒப்படைப்பதாக’, விலையும் கட்டணமும் காப்பீடும் உட்பட, விற்பனை பேசப்பட்டது. கப்பல் வழியில் அழிந்தது. ஹார்பர்க்கில் ஒப்படைப்பதாக எழுதியிருக்கிறதே என்றார் வாங்கியவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஹார்பர்க் வரைக்கும் விற்றவர் ஏற்றது செலவை மட்டுமே, இடரை அன்று எனத் தீர்ந்தது.

சி.ஐ.எஃப். என்ற தொடரின் முரண் இதுதான். அதை அடுத்து எழுதப்படும் ஊர், செலவு முடியும் இடத்தைக் குறிக்கிறது. இடர் கைமாறும் இடமோ புறப்படும் துறைமுகத்திலேயே, எழுதப்படாமல் நின்றுவிடுகிறது. நவா சேவா என்ற பெயரைக் கண்டு அண்ணன் கொண்ட நம்பிக்கை, ஹார்பர்க் என்ற பெயரைக் கண்டு அந்த வணிகர் கொண்ட நம்பிக்கையேதான்.

மொழியியல் மாணவர்களுக்குச் சுவையான பகுதி இனி வருகிறது. ஒரே மூன்றெழுத்து நாட்டுக்கு நாடு வேறுவேறு பொருள் தந்துவந்தது. அமெரிக்க வணிகர்கள் எஃப்.ஓ.பி. என்பதைக் கப்பலோடு நிறுத்தாமல், இரயில் பெட்டிக்கும் சரக்கு வண்டிக்கும்கூடப் பயன்படுத்தினர். 1941இல் அங்கு திருத்தி வெளியிடப்பட்ட வரையறைகளில் எஃப்.ஓ.பி.க்கு மட்டும் ஆறு வகைகள் உண்டு. 1919இல் தோன்றி, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகக் கழகம், இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கச் சட்டம் இயற்றத் தொடங்கவில்லை. முதலில் வழக்காய்வு நடத்தியது. வழக்கிலிருந்த ஆறு தொடர்களை எடுத்துக்கொண்டு, 13 நாடுகளில் அவற்றுக்கு வழங்கும் பொருளைத் தொகுத்து 1923இல் வெளியிட்டது. 1928இல் வந்த இரண்டாம் ஆய்வு 30க்கும் மேற்பட்ட நாடுகளைத் தழுவியது. அவற்றின் விளைவாக 1936இல் ‘இன்கோடெர்ம்ஸ்’ என்னும் முதல் தொகுப்பு வந்தது.

அதாவது, வட்டார வழக்காய்வு செய்து அகராதி தொகுக்கும் முறையிலேயே அது உருவாயிற்று. இன்றும் அது எந்த நாட்டின் சட்டமும் அன்று. வாங்குபவரும் விற்பவரும் தங்கள் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கட்டுப்படுத்தும் அகராதி, அவ்வளவே. பல பதிப்புகள் கண்ட அகராதி ஆகையால், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும்.

அந்த அகராதி இடர் கைமாறும் எல்லையாகக் கப்பலின் விளிம்புக் கம்பியை நெடுங்காலம் வைத்திருந்தது. கம்பிக்கு இப்புறம் விற்றவர், அப்புறம் வாங்கியவர். இக்கோட்டின் வலுவின்மையைக் காட்டிய வழக்கு ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. இந்திய அரசுக்கு விற்கப்பட்ட தீயணைப்பு வண்டி ஒன்று, பம்பாய் செல்வதற்காக இலண்டன் துறைமுகத்தில் சிந்தியா நிறுவனத்தின் கப்பலில் ஏற்றப்பட்டது. பாரந்தூக்கியில் தொங்கியபடி விளிம்புக் கம்பியைக் கடக்குமுன்னே அது விழுந்து சிதைந்தது. பழுதுபார்க்கும் செலவு 966 பவுன். 200 பவுனுக்கு மேல் தர வேண்டியதில்லை என்று கப்பல் நிறுவனம் வாதிட்டது. 1954இல் தீர்ப்பளித்த நீதிபதி டெவ்லின் அவ்வரம்பை ஏற்றார். ஊசலாடும் சரக்கு ஒரு கற்பனைக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பார்த்துப் பொறுப்பைப் பிரிப்பதிலுள்ள விந்தையையும் அவர் நகையோடு சுட்டினார்.

இரண்டே ஆண்டுகளில் அந்தக் கோடு வேறொரு வகையில் பொருளிழந்தது. 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டகங்களோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் சென்றது. பெட்டக யுகம் பிறந்தது. இன்று விளக்குகள் ஆலையிலேயே பெட்டகத்தில் அடுக்கி முத்திரையிடப்படுகின்றன. கப்பல் வருவதற்குச் சில நாள் முன்பே பெட்டக முனையத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. உள்ளே ஒரு பெட்டி எப்போது நனைந்தது என்பதைக் கப்பலேறும் கணத்தில் எவரும் காண்பதில்லை. இதற்கென 1980 பதிப்பிலேயே, சரக்கைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைக்கும் இடத்தை எல்லையாகக் கொண்ட புதிய தொடர் சேர்க்கப்பட்டது. இன்று அதன் பெயர் எஃப்.சி.ஏ. 2010 பதிப்பு விளிம்புக் கம்பியை நீக்கி, கப்பலின் மேல் வைக்கப்படுதல் என்பதை எல்லையாக்கியது. ஆயினும் சீன விளக்கு ஆலைகளின் விலைமடல்களில் இன்றும் எஃப்.ஓ.பி. ஷென்சென் என்ற தொடரைத்தான் பரவலாகக் காண்கிறோம். பழகிய சொல்லை வணிகம் எளிதில் விடுவதில்லை. வங்கிகளின் கடன் உறுதிக் கடிதங்கள் ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்று குறித்த சரக்கு இரசீதையே கேட்டுவந்ததும் ஒரு காரணம். 2020 பதிப்பு எஃப்.சி.ஏ.யிலும் அத்தகைய இரசீது பெற வழிசெய்திருக்கிறது.

இனி அண்ணனின் காப்பீட்டுக்கு வருவோம். சி.ஐ.எஃப். விற்பனையில் வேறு உடன்பாடு இல்லையெனில், விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டது மிகக் குறைந்த வகைக் காப்பீடு மட்டுமே. இலண்டன் காப்பீட்டு வழக்கில் அது ‘சி’ பிரிவு. தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், மோதுதல் போன்ற பெருவிபத்துகளை அது ஏற்கும். பெட்டகத்துள் கடல்நீர் கசிவதையும் திருட்டையும் ஏற்காது. ‘காப்பீடு உட்பட’ என்ற தொடரை அண்ணன் முழுக் காப்பீடு என்று படித்தார்; அகராதியோ அதைக் குறைந்தபட்சக் காப்பீடு என்று எழுதியிருக்கிறது.

நம் சுங்கத் துறைக்கு இத்தொடர்கள் இன்னொரு வகையில் பயன்படுகின்றன. எந்தத் தொடரில் வாங்கினாலும் வரி விதிக்கப்படுவது, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மீதே. 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, கட்டணத்தை அறிய இயலாதபோது எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 விழுக்காடும், காப்பீட்டை அறிய இயலாதபோது 1.125 விழுக்காடும் கூட்டப்படும். எஃப்.ஓ.பி. விலை மலிவாகத் தோன்றினாலும் வரிக்கணக்கில் அந்த மலிவு நில்லாது.

அண்ணனுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. நனைந்தவற்றுள் தேறியவற்றைப் பாதி விலைக்கு விற்றார். அடுத்த ஒப்பந்தத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம்: எஃப்.சி.ஏ., பெட்டக முனையத்தின் பெயர், இன்கோடெர்ம்ஸ் 2020. பரந்த ‘ஏ’ பிரிவுக் காப்பீட்டைத் தில்லியிலேயே அவர் பெயரில் எடுத்தோம். ஒப்படைத்த இடத்திலிருந்தே இடர் தம்முடையது என்பதை இம்முறை அறிந்தே அவர் கையெழுத்திட்டார்.

சொற்பொருளியல் வகுப்பில், சொல்லின் பொருள் அதன் உறுப்புகளில் இல்லை, வழக்கில் இருக்கிறது என்று படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அதன் விலையைத் துக்ளகாபாத்தில் திறந்த பெட்டகத்தின்முன் ஒருவர் கொடுத்தார். சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களை ஒட்டிய பழைய வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகளில் இத்தொடர்கள் தமிழில் எவ்வாறு வழங்கின என்பதை அறிந்தோர் எழுதினால் மகிழ்வேன். அங்கே ‘ஃப்ரீ’ என்பதை எப்படிப் பெயர்த்திருந்தார்கள் என்பதே என் முதல் கேள்வி.