மணல்மேட்டு மல்லர்கள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கீழ்க்கட்டளையில் வீடு கட்டாத தெரு என்று ஒன்று இருக்கவில்லை. கடைக்கால் எடுத்த ஒவ்வொரு மனைக்கு முன்னாலும் லாரி லாரியாக ஆற்றுமணல் கொட்டிக் கிடக்கும். அந்த மணல்மேடுகள்தாம் எங்கள் மல்யுத்தக் களம். 1997க்கும் 1999க்கும் இடையில், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள், அங்கே நாங்கள் வெல்லாத உலகப் பட்டமும் இல்லை. கொத்தனாரிடம் வாங்காத வசவும் இல்லை. சைக்கிள் டியூபில் தகர டப்பா மூடியைக் கோத்துச் செய்த வெற்றிக் கச்சை மாலைக்குள் நான்கு இடுப்பாவது மாறிவிடும்.

கேபிள்காரர் வீட்டுக்குள் இழுத்துவிட்ட கறுப்புக் கம்பியின் வழியே வந்தது இந்தப் பித்து. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மூன்று எழுத்துகளின் விரிவு எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எத்தனை உயிர் செலவாகியிருக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1996இல் வந்த ‘கிலாடியோன் கா கிலாடி’ என்ற இந்திப் படத்தில் அக்ஷய்குமார் அவரையே தூக்கி அடித்ததும் எங்கள் தேசப்பற்று பொங்கிற்று. அதில் நடித்தவர் பிரையன் லீ என்ற வேறொரு மல்லர் என்பதும், 1994இல் அமெரிக்க மேடையிலேயே ‘போலி அண்டர்டேக்கர்’ வேடம் கட்டியவர் அவர்தான் என்பதும் பல்லாண்டு கழித்தே தெரிந்தன. போலிக்கும் ஒரு மரபு உண்டு போலும்.

1997 அக்டோபரில் அந்த அண்டர்டேக்கருக்கு ஒரு தம்பி முளைத்தார். சிறுவயதில் தீவிபத்தில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட கேன், முகமூடி அணிந்து பழிவாங்க வந்துவிட்டார். பிரிந்த சகோதரர் கதைகளைப் பாலோடு பருகி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. குடும்பப் பாட்டு ஒன்றுதான் குறை. (அந்தக் கேன், கிளென் ஜேக்கப்ஸ் என்ற இயற்பெயரில் 2018இல் டென்னஸி மாநிலத்து நாக்ஸ் கவுண்டியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முகமூடி இல்லாமல்தான் பதவியேற்றார்.)

திரையில் பார்த்தது போதாதென்று டிரம்ப் கார்டு வேறு. உயரம், எடை, மார்பளவு, புஜம், ஆடிய சண்டை, வென்ற சண்டை என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மனிதனின் ஐந்தொகை அச்சாகியிருக்கும். யோகோசுனா கையில் வந்தால் எடையைக் கேட்கவேண்டும். எவரும் தப்ப முடியாது. ஜப்பானியக் கொடியோடு வந்த அவர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவ வம்சத்தவர். கணக்கில் தேறாத பையன்கள்கூட இந்த எண்களைத் தலைகீழாக ஒப்புவிப்பார்கள். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இது தெரிந்தபோது அவர் முகத்தில் தோன்றியது கோபமா துயரமா என்று இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டுப் பெரியவர்களின் வாதமோ ஒன்றே ஒன்றுதான்: “எல்லாம் டூப்புடா!” பக்கத்து வீட்டுத் தாத்தா இதில் கடும் பிடிவாதக்காரர். கிங்காங்குக்கும் தாராசிங்குக்கும் நடந்ததுதான் அசல் சண்டை என்பார். ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா ‘கிங்காங்’ என்ற பெயரில் ஐம்பதுகளில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அரங்குகளை நிரப்பியவர். அவர் எதிராளியாக நின்றதால்தான் தாராசிங் ஊர்தோறும் வீரரானார். பின்னால் 1987இல் தூர்தர்ஷன் இராமாயணத்தில் அனுமனாகவும் ஆனார். அந்தச் சண்டைகளும் இதே தொழிலைச் சேர்ந்தவைதாம் என்று சொல்லும் அறிவும் துணிவும் அன்று எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் இளமையில் பார்த்த சண்டை மட்டும் அசல்.

இத்தனைக்கும் அந்த நிறுவனமே உண்மையை எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தது. 1989இல் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தில், இது விளையாட்டுப் போட்டியன்று, கேளிக்கை என்று அவர்களே வாதிட்டார்கள். விளையாட்டு என்றால் அரசின் கண்காணிப்பும் கட்டணமும் உண்டு; கேளிக்கைக்கு அந்தத் தொல்லை இல்லை. அசலாக அவர்கள் தோற்றது ஒரு பாண்டாக் கரடியிடம். உலக வனவிலங்கு நிதியம் அதே மூன்று எழுத்துகளுக்காக பிரிட்டன் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றது. 2002இல் மல்லர்கள் தம் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

தமிழில் அசல் மற்போர் வேண்டுவோர் புறநானூற்றின் 80ஆம் பாடலைப் பார்க்கலாம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மண்டியிட்டு மடக்குகிறான். சாத்தந்தையார் பிடிகளைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். அவர் மனம் மட்டும் களத்தில் இல்லாத ஒருவரை நாடுகிறது. மகனோடு முரண்பட்டிருந்த தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இதைக் காணவேண்டும் என்கிறார். 2001இல் நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மேனும் மகன் ஷேனும் மேடையேறி ஒருவரையொருவர் நாற்காலியும் குப்பைத் தொட்டியுமாகச் சாத்திக்கொண்டபோது இந்தப் பாடல் எங்களுக்கு நினைவு வந்திருந்தால் தமிழ்த்தாள் மதிப்பெண் கூடியிருக்கும்.

எங்கள் வீட்டில் இந்த ஆட்டத்தை முறையாகப் பார்க்கத் தெரிந்தவர் ஆயா ஒருவர்தான். செய்யாறுப் பக்கத்துக்காரர், பங்குனி, சித்திரை என்றால் பாரதக் கூத்தே கதி என்று கிடந்தவர். பதினெட்டாம் போரில் துரியோதனன் சாவான் என்று தெரியாமலா விடியவிடிய உட்கார்ந்திருந்தார்? படுகளத்தில் பீமன் தொடையில் அடிக்கும்போது அழவும் செய்தார். ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் நடுவரை உதைத்தால் திட்டுவார். அடி வாங்கியவனுக்காக ‘உச்’ கொட்டுவார். டூப்பு, டூப்பு என்று நாங்களே ஒருநாள் அவருக்கு விளக்கப் போனபோது கேட்டார்: “அடி பட்டா வலிக்குமா, வலிக்காதா? அதச் சொல்லு மொதல்ல.”

அதற்கு விடை சொல்வது எளிதாக இருக்கவில்லை. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்கில் மேன்கைண்ட் வேடத்து மிக் ஃபோலி, 16 அடி உயரக் கம்பிக் கூண்டின் மேலிருந்து வர்ணனையாளர் மேசைமீது எறியப்பட்டார். எழுந்து மறுபடி ஏறினார். கூண்டின் கூரை பெயர்ந்து மறுபடி விழுந்தார். ஆட்டம் முடிந்தபோது அவர் பல் ஒன்று மூக்குக்குள் சிக்கியிருந்தது. ஆறே மாதம் கழித்து, 1999 ஜனவரி 4 அன்று, போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் மேடையில் ஹல்க் ஹோகன் ஒற்றை விரலால் நெஞ்சில் குத்த, ஏறத்தாழ ஏழடி உயரக் கெவின் நாஷ் வெட்டிய வாழைபோல் சாய்ந்தார், பட்டமும் கைமாறியது. இரண்டையும் பார்த்த பிள்ளைகள் எதை நம்புவது? மணல்மேட்டில் ஒரு மாதம் முழுக்க நாங்கள் விரலால்தான் குத்திக்கொண்டோம். அதற்கு முந்தைய மாதம் ஃபோலி பாணியில் சன்ஷேட்டிலிருந்து குதித்த நண்பன் ஒருவன் ஆறு வாரம் புத்தூர்க் கட்டோடு இருந்ததும் ஒரு காரணம்.

1999 மே 23. அன்று இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. தந்தையின் ஈமக்கடனுக்கு வந்து திரும்பிய சச்சின், கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 எடுத்து வானைப் பார்த்தார். ஊரே கண் கலங்கியிருந்தது. அதே நாள் இரவு அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் இறந்தார். கோமாளித்தனமான ஒரு காமிக்ஸ் வீரன் வேடத்தில் அவரை அரங்கின் உச்சியிலிருந்து கயிற்றில் இறக்கத் திட்டம். கொக்கி முன்னதாகவே விடுபட்டுவிட்டது. சுமார் 78 அடி. வயது 34. வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது கேளிக்கையின் பகுதியன்று என்று தொலைக்காட்சி நேயர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. இறந்த செய்தியையும் அவர்களுக்கே அறிவித்தார்; அரங்கில் இருந்தவர்களுக்கு அறிவிக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்குக் கீழே சிறு பெட்டியாக வந்த செய்தியை நாங்கள் நம்பவில்லை. எல்லாம் டூப்பு என்பதை அதற்குள் நாங்கள் நன்றாகவே கற்றிருந்தோம். அண்டர்டேக்கர் எத்தனை முறை செத்துப் பிழைத்தார்! இரண்டு மாதத்தில் வேறு முகமூடியில் வருவார் என்று பந்தயம்கூடக் கட்டினோம். பின்னர் அந்த அஞ்சலி நிகழ்ச்சியைக் கண்டோம். ஒருவரையொருவர் கொல்லத் துடித்த பகைவர்கள் வேடத்தைக் கழற்றிவிட்டு, பேச்சு வராமல் நின்று அழுதார்கள். அந்த அழுகையை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆயாவிடம் சொன்னோம். “விழுந்த பின்னால ஆட்டத்த நிறுத்தினாங்களா?” என்றார். இல்லை என்றோம். அதன்பின் அந்த நிகழ்ச்சிக்கு அவர் வந்து உட்காரவில்லை. நாங்களும் அழைக்கவில்லை.

யோகோசுனா 2000இல் 34 வயதில் போனார். பிரிட்டிஷ் புல்டாக் 2002இல், 39. அல்டிமேட் வாரியர் 2014இல், 54. 71 வயதுவரை இருந்து 2025 ஜூலையில் மறைந்த ஹோகன், அந்தக் கட்டில் நீண்ட ஆயுள்காரர்களில் ஒருவர். வயது என்றொரு கட்டம் எங்கள் அட்டைகளில் இல்லை. 1999 கோடை முழுக்க நாங்கள் ஆடினோம். ஓவன் ஹார்ட் அட்டை யார் கைக்கு வந்தாலும், உயரமோ எடையோ கேட்காமல், அதைக் கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்த அட்டையை எடுப்போம். அப்படி ஒரு விதியை யாரும் வகுத்ததாக நினைவில்லை.