பீருக்குள் பாஷாணம் வந்த கதை

"குடிச்சே கெட்டான்" என்று ஒரே வார்த்தையில் ஒருவனுடைய கதையை முடித்துவிடுவது சுலபம். 1900-ம் ஆண்டு இங்கிலாந்தில், மான்செஸ்டரிலும் அதை ஒட்டியுள்ள சால்ஃபோர்டிலும் டாக்டர்களே அப்படித்தான் முடித்தார்கள். விளைவு என்ன ஆனது என்று பார்ப்போம்.

அந்த வருடம் ஏழைத் தொழிலாளர்கள் பலர் கை கால் மரத்துப்போய், தோல் கறுத்து, நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். எல்லோரும் பீர் குடிப்பவர்கள். "குடியால் வந்த நரம்புக் கோளாறு" என்று சொல்லிவிட்டார்கள். குடிகாரனுக்கு வியாதி வந்தால் அதில் ஆராய என்ன இருக்கிறது?

எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற டாக்டருக்கு மட்டும் உறுத்தியது. ஏழைகள் விடுதியின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். விஸ்கி மாதிரி கடுமையான சரக்கு குடிப்பவர்களுக்கு ஏன் இது வரவில்லை? இத்தனை பேருக்கு ஏன் அக்கி வந்திருக்கிறது? ஆர்சனிக் கலந்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு அக்கி வருவதுண்டு என்று அவருக்குத் தெரியும். பீரை வாங்கிச் சோதித்தார். நவம்பரில் விடை கிடைத்தது: பீரில் ஆர்சனிக், அதாவது பாஷாணம்!

அது எப்படி வந்தது? 1880-ல் வரிச் சட்டம் மாறிய பிறகு, பீர் தயாரிப்பவர்கள் மால்ட்டுக்குப் பதிலாக மலிவான சர்க்கரையையும் தாராளமாகச் சேர்க்க முடிந்தது. அந்தச் சர்க்கரையைச் செய்யக் கந்தக அமிலம் தேவை. லிவர்பூல் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்கு லீட்ஸிலிருந்து அமிலம் வந்தது. அந்த அமிலம் ஆர்சனிக் நிறைந்த பைரைட் தாதுவிலிருந்து தயாரானது. விற்றவர் எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கியவர் சுத்தமானதா என்று சோதிக்கவில்லை. 6,000 பேருக்கு மேல் பாதிப்பு, சுமார் 70 சாவு.

இங்கேதான் முக்கியமான விஷயம். உணவுப் பரிசோதனைச் சட்டம் அங்கே 1875-லேயே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கடையில் சாமான் வாங்கி, மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்து, ஒன்றைப் பகுப்பாய்வாளரிடம் சேர்த்து, ஒன்றைத் தானே வைத்துக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சோதனைக்கூடம் எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். பீரில் பாஷாணம் இருக்கும் என்று யாரும் நினைக்காததால் யாரும் தேடவில்லை.

1901-ல் விஞ்ஞானி கெல்வின் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கரி, கோக் புகையில் மால்ட்டை உலர்த்தினாலும் ஆர்சனிக் ஏறும் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. 1903-ல் குழு ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: ஒரு காலன் பானத்தில் நூறில் ஒரு கிரெய்ன், அதாவது லிட்டருக்குச் சுமார் 0.14 மில்லிகிராம். "கலப்படமா, இல்லையா" என்று மட்டும் கேட்காமல் "எவ்வளவு?" என்றும் கேட்க வைத்த வரம்பு இது.

சட்டம் இருந்தது, இன்ஸ்பெக்டர் இருந்தார், ஆய்வுக்கூடமும் இருந்தது. குறைந்தது ஒன்றுதான்: குடிக்கிற ஏழை சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கும் மனசு. ரெனால்ட்ஸிடம் அது இருந்தது. நோயாளியைத் திட்டுவதற்கு முன்னால் அவன் குடித்ததைச் சோதித்துப் பார்த்தார், அவ்வளவுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?