சிகிச்சை தருபவருக்கு ஆராய்ச்சி எதற்கு?

மனம் உடைந்து வருபவரிடம் பேசி அவரைத் தேற்றப் போகிற மாணவர், புள்ளியியலும் ஆய்வு முறைகளும் ஏன் படிக்க வேண்டும்? மருத்துவ உளவியல் மேற்படிப்பில் சேரும் பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில் அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் தொடங்குகிறது.

1896-ல் லைட்னர் விட்மர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டு காலம் இத்துறைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பயிற்சி முறை என்று ஒன்று இல்லை. போர் முடிந்ததும் நிலைமை மாறியது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மனநலப் பாதிப்பு உள்ளவர்கள். அவர்களைக் கவனிக்க மனநல மருத்துவர்கள் போதவில்லை. எனவே 1946-ல் அரசே பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது.

சரி, என்ன கற்றுக் கொடுப்பது? டேவிட் ஷாகோ தலைமையிலான குழு 1947-ல் ஓர் அறிக்கை தந்தது. 1949 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கூடி இரண்டு வாரம் விவாதித்தார்கள். மாணவர் விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவானது. இதுவே 'போல்டர் மாதிரி'.

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு நேர்மை இருந்தது. அன்று கைவசம் இருந்த சிகிச்சைகள் உண்மையில் பலன் தருகின்றனவா என்பதற்குப் போதிய சான்று இல்லை. 1952-ல் லண்டனில் இருந்த ஹான்ஸ் ஐசென்க் அதையே போட்டு உடைத்தார். உளசிகிச்சை பெறாதவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சுமார் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்றார்! அவரது கணக்கைப் பலர் மறுத்தார்கள். 1977-ல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் ஏறக்குறைய 375 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை பலன் தருகிறது என்று காட்டினார்கள். ஆராய்ச்சி எழுப்பிய சந்தேகத்துக்கு ஆராய்ச்சியே பதில் சொன்னது.

போல்டர் மாதிரிக்கு எதிர்ப்பும் இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற பலர் ஆய்வேட்டுக்குப் பிறகு ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு பயிற்சி? 1968-ல் இல்லினாய் பல்கலைக்கழகம், சிகிச்சைப் பணிக்கு முதலிடம் தரும் 'சை.டி.' பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1973-ல் வெயில் நகரில் நடந்த மாநாடு அந்த வழியை ஏற்றது. இந்தப் பட்டம் படிப்பவர் ஆய்வுகளை நடத்துவதைவிட, அவற்றைப் படித்துப் பயன்படுத்தக் கற்பதே முக்கியம் என்று கருதப்பட்டது.

அந்த அளவாவது ஏன் தேவை? விபத்தில் சிக்கியவரை உடனே உட்காரவைத்து நடந்ததைச் சொல்ல வைத்தால் மனக்காயம் ஆறும் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். 1997-ல் தீக்காயம் அடைந்தவர்களிடம் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வேறு கதை சொன்னது. 13 மாதங்கள் கழித்து, அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. முதல் குழுவினரின் காயங்கள் சற்றுக் கடுமையானவை என்பதும் உண்மை. ஆனாலும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிறகு, இந்த முறையைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற முடிவே வந்தது.

பேச வைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இருந்திராவிட்டால், அவர்களுக்கே இது தெரிந்திருக்காது. புள்ளியியல் வகுப்பு இதற்காகத்தான்.