ஸுகுத்ராத் தீவின் கரியபோளம்

நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் என்று கேட்டால், கறுத்து மின்னும் கட்டியொன்றை எடுத்துத் தருவார்கள். கரியபோளம் என்பதும் அதன் பெயரே. அதனை அரைத்துச் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் பற்றுப் போடுவது நம் இல்லங்களில் பழைய வழக்கம். கற்றாழை மடலை அறுக்கும்போது தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள் நிறப் பால் இறுகியதே இந்தக் கட்டி. மடலின் நடுவேயுள்ள வழவழப்பான சோறு வேறு. கசப்பே உருவான இந்தப் பால் வேறு. அரபு மொழியில் இதனை ‘ஸபிர்’ என்பர். ‘முஸப்பர்’ என்றும் வழங்குவர். நம் மூசாம்பரத்தில் அந்த அரபுச் சொல்லின் ஒலி இன்றும் கேட்கிறது.

ஸபிரில் மேலானது எது? இப்னு ஸீனா போன்ற மருத்துவ மேதைகள் சுட்டிய விடை ஒன்றுதான்: ஸுகுத்ராவில் விளைந்தது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கொம்புக்கு அப்பால், அரபிக்கடலில், யமன் நாட்டுக்குரியதாக இருக்கும் தீவு அது. பரப்பு ஏறத்தாழ 3,600 சதுர கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதனைச் சூழ்ந்த கடல் கொந்தளித்துக் கிடக்கும். பாய்மரக் கப்பல்கள் அப்போது அப்பக்கம் நெருங்க அஞ்சின. நெடுங்காலம் தனித்திருந்த அம்மண்ணில், உலகில் வேறெங்கும் இல்லாத செடிகொடிகள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றே இந்தக் கற்றாழை. தாவர நூலார் 1881ஆம் ஆண்டையொட்டி இதற்கு ‘அலோ பெர்ரியி’ என்று பெயர் சூட்டினர்.

சுண்ணாம்புக் கற்பாறைகளின் இடுக்கில், வேறு பயிர் பிழைக்காத வறண்ட சரிவுகளில் இது வளர்கிறது. முள் விளிம்புடைய மடல்கள் தரையோடு வட்டமாக விரியும். வெயில் கடுமையானால் பசுமை மாறிச் செம்மை படரும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளை திறந்து மூச்சு வாங்க, இதுவோ பகலெல்லாம் துளைகளை மூடி ஈரத்தைக் காத்து, குளிர்ந்த இரவில் திறக்கிறது. உள்ளிருக்கும் சோறு நீர்க்களஞ்சியம். தோலடியில் ஓடும் கசப்பு, மேய வரும் விலங்குகளைத் தடுக்கும் அரண்.

இத்தீவைப் பற்றி வரலாற்றாசிரியர் மஸ்ஊதி (மறைவு கி.பி. 956) ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். உலகை வெல்லப் புறப்பட்ட அலெக்சாந்தருக்கு அவருடைய ஆசான் அரிஸ்டாட்டில் கடிதம் எழுதி, ஸபிர் விளையும் ஸுகுத்ராவைக் கைப்பற்றிக் கிரேக்கர்களைக் குடியேற்றுமாறு அறிவுறுத்தினாராம். 12ஆம் நூற்றாண்டில் இத்ரீஸியும் இதனை எடுத்துரைத்தார். பின்னர் இது எத்தனையோ நூல்களில் இடம் பெற்றுவிட்டது.

இதனை அப்படியே ஏற்கலாமா? கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வணிகம் பற்றிக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ நூல் இத்தீவைக் குறிப்பிடுகிறது. அரபியரும் இந்தியரும் கிரேக்கரும் அங்கே கலந்து வாழ்ந்தனர் என்கிறது; ஆமையோட்டையும் ஒருவகைச் செந்நிறப் பிசினையும் தீவின் பொருள்களாகக் கூறுகிறது. கற்றாழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! ஒரு பேரரசர் படையனுப்பிக் கைப்பற்றிய சரக்காக அது இருந்திருந்தால், சரக்குகளையே கணக்கெடுத்த வணிகரின் கண்ணுக்கு அது தப்பியிருக்குமா? ஆகவே, இக்கதை அலெக்சாந்தர் காலத்துக்குச் சான்றாகாது. ஆனால், அது பரவிய 10ஆம் நூற்றாண்டில் ஸுகுத்ரா ஸபிருக்கு இருந்த மதிப்புக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. விலை உயர்ந்த பொருளுக்கு உயர்ந்த பெயர்களைத் துணை சேர்ப்பது வணிக உலகின் இயல்பன்றோ!

கதையில் மறைந்துபோனவர்கள் அச்செடியை உண்மையில் காத்த தீவு மக்களே. 1834ஆம் ஆண்டு தீவை அளந்த ஆங்கிலக் கடற்படை அலுவலர் வெல்ஸ்டெட், மலையும் பள்ளமும் கடந்து நீளும் கற்சுவர்களைக் கண்டார். ஒரு காலத்தில் கற்றாழை நிலம் பங்கு பங்காகப் பிரிக்கப்பட்டிருந்ததன் எல்லைகள் அவை. பறித்த மடல்களைத் தோலின்மீது அடுக்கிச் சாறு தானே வடியவிட்டு, அதனைத் தோற்பைகளில் நிரப்பி அனுப்பினர். 1615இல் அங்குத் தங்கிச் சென்ற ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் காலத்தில் சரக்கு முழுவதும் சுல்தானின் கையில் இருந்தது. உழைத்தவர் ஒருவர், விலை பேசியவர் வேறொருவர். பிறகு பார்படோஸ் தீவிலும் தென்னாப்பிரிக்க முனையிலும் வேறு கற்றாழைகளிலிருந்து மலிவான சரக்கு பெருகியது. வெல்ஸ்டெட் வந்தபோது எல்லைச் சுவர்கள் நின்றன. அவற்றைக் காக்க வேண்டிய தேவை நீங்கியிருந்தது. விரும்பியவர் எவரும் மடல் பறிக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது.

வணிகம் தளர்ந்தாலும் பயன் தளரவில்லை. புண்ணுக்கும் கண்ணோய்க்கும் மலச்சிக்கலுக்கும் தீவு மக்கள் அதனை மருந்தாகக் கொண்டனர். உள்ளே கொடுத்தால் இது கடும் பேதி மருந்து. கருவுற்ற பெண்களுக்கு ஆகாது என்பதை மருத்துவ நூல்கள் வற்புறுத்துகின்றன. இஹ்ராம் நிலையில் கண்வலி கண்டவர் ஸபிரைப் பற்றிடலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறியதை ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) வாயிலாக ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது.

பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்ற சொல்லும் இச்செடியின் பெயரும் ஒரே மூன்றெழுத்துகளிலிருந்து கிளைத்தவை. 1814இல் மக்காவைக் கண்ட பயணி பர்க்ஹார்ட், அங்குள்ள அடக்கத்தலங்களில் இச்செடி நடப்பட்டிருந்ததையும், மறுமைக்காகக் காத்திருக்கும் பொறுமையின் அடையாளமாக மக்கள் அதனைக் கருதியதையும் எழுதினார்.

2008இல் ஸுகுத்ரா உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு வணிகத்தில் இச்செடிக்கு இன்று சட்டப் பாதுகாப்பும் உண்டு. அந்தப் பாதுகாப்பை முதலில் அளித்தவர்கள் பேரரசர்களோ தத்துவ ஞானிகளோ அல்லர்; கல்லின்மேல் கல் வைத்துச் சுவர் எழுப்பிய பெயர் தெரியாத குடும்பத்தார். மூசாம்பரத்தின் வரலாற்றில் முதல் வரி அவர்களுக்கே உரியது.