கதவைத் தட்டினவங்க, போன் அடிக்கிறவங்க

போன வாரம் செலியமேட்டு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தப்ப அம்மாவுக்கு ஒரு போன். "நாளைக்கு சுகர் பாக்கணும்மா, வெறும் வயித்தோட வாங்க." அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "பாருடா, எனக்கே மறந்து போச்சு, அவங்க ஞாபகம் வச்சிருக்காங்க!" எல்லாம் வியாபாரம்மான்னு சொல்ல வந்து அடக்கிக்கிட்டேன். இந்த வேலைக்கு நம்ம சென்னையிலயே ஒரு பழைய கதை இருக்கு.

1956ல சென்னை சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி மையம் ஒண்ணு தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்த முயற்சி. அப்போ காசநோய்னா சானடோரியம்தான், படுக்கையோ பத்தாது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பாதியை சானடோரியத்துலயும் மறுபாதியை வீட்டுலயும் வச்சு ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தாங்க. 1959ல முடிவு வெளியாச்சு: வீட்டு வைத்தியமும் கிட்டத்தட்ட அதே பலன்.

இதுவரைக்கும் பலருக்குத் தெரிஞ்சதுதான். ஆனா வீட்டுல இருந்தவங்க மாத்திரையை விடாம இருக்காங்களான்னு பாத்தது யாரு? மையத்து ஊழியர்கள். சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவாங்க, சிறுநீரைச் சோதிப்பாங்க. காரணம் இருக்கு. சிகிச்சை தொடங்கிக் கொஞ்ச நாள்லயே இருமல் அடங்கிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. 'அதான் நல்லாயிட்டேனே'ன்னு பாதியில நிறுத்தினா, மருந்துக்கு அடங்காத கிருமியா திரும்பி வரலாம்.

1962ல வந்த தேசியக் காசநோய்த் திட்டத்துலயும் இதே கவலைதான். வராதவங்களுக்கு முதல்ல கடிதம், அதுக்கும் வரலைன்னா வீட்டுக்கே ஆள்.

2015 வாக்குல '99டாட்ஸ்' வந்துச்சு. அட்டையில இருந்து மாத்திரையை எடுத்தா உள்ளே ஒரு நம்பர் தெரியும், அதுக்கு நோயாளி மிஸ்டு கால் கொடுக்கணும். கால் வரலைன்னா ஊழியருக்குத் தகவல் போகும். சென்னை, வேலூர், மும்பையில சிறுநீரைச் சோதிச்சுப் பாத்த ஆய்வு 2020ல வந்துச்சு. மாத்திரை போட்டும் கூப்பிடாதவங்க உண்டு, கூப்பிட்டும் போடாதவங்களும் உண்டு! கடைசியில திரும்பவும் ஆள் போய்த்தான் கேக்கணும்.

மறுநாள் காலையில அம்மா வெறும் வயித்தோட கிளம்பிட்டாங்க. எத்தனை மாசமா நானும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன், கேட்டாங்களா? :)

உங்க வீட்டுல யாரு சொன்னா கேப்பாங்க?