டோசன் கோபுரமும் தவளப் பாதையும்

மாவனல்லை தாண்டி பஸ் ஏற்றம் ஏறத் தொடங்கினால் காது அடைக்கும். சின்ன வயதில் அந்த இடம் வந்ததும் உம்மும்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். "எங்கட மூத்தவங்க இந்தக் கணவாயால தவளம் கொண்டு போனவங்க மகன்" என்பார். ஒவ்வொரு பயணத்திலும் அதே வசனம். நான் வெகுகாலம் அதைத் தவளை என்றே விளங்கிக்கொண்டிருந்தேன். தவளையை ஏன் கண்டிக்குக் கொண்டு போனார்கள் என்று கேட்க வெட்கம்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பாடம் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தமிழில் தாவளம் என்றால் தங்குமிடம். சிங்களத்தில் தவலம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். மாடு அவிழ்த்துக் கட்டும் இடத்தின் பேர் மாட்டுக்கு வந்ததா, மாட்டின் பேர் இடத்துக்குப் போனதா என்று சண்டை பிடிக்க நான் தயாரில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு மொழியையும் ஒரே நாக்கில் வைத்திருந்தவர்கள்.

இப்போது அதைச் சொல்ல வந்த காரணம், சென்ற தவணை பத்தாம் தரப் பிள்ளைகளைக் கடுகண்ணாவைக்கு அழைத்துப் போனதுதான். ரயில் நூதனசாலை பார்ப்பதாகத்தான் திட்டம். கையோடு டோசன் கோபுரத்தையும் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

வீதியோரத்தில் நிற்கிறது கோபுரம். செங்கல் கட்டு, ஏறத்தாழ 125 அடி உயரம். உள்ளே சுழன்று ஏறும் மரப்படிகள். அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். ஏறாவிட்டாலும் காட்சிக்குக் குறைவில்லை. குடைந்த பாறைக்குக் கீழே உள்ள வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கும். நடுவில், வெள்ளைக்காரன் பைபிள் ரொக் என்று பேர் வைத்த பத்தலேகல தனியாக நிற்கும். அதற்கு அப்பால் ஊத்துவன்கந்தை. சரதியலின் மலை. சரதியலோடு 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கில் தொங்கிய மம்மாலி மரிக்கார் எங்களவர்தான். அவர்களைப் பிடிக்கப் போய் உயிரைவிட்ட பொலிஸ்காரர் சபானும் முஸ்லிம்தான். இந்தக் கதையைப் பையன்களுக்குச் சொன்னால் அன்றைக்குப் பாடம் நடக்காது. ஆகவே சுருக்கிக்கொண்டேன்.

கோபுரத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு. பொறியியல் படையின் கப்டன் டபிள்யூ. எஃப். டோசன், இந்த வீதியைத் தன் அறிவாலும் திறனாலும் திட்டமிட்டு அமைத்தவர், 1829 மார்ச்சில் கொழும்பில் மரணித்தார், நண்பர்களும் அபிமானிகளும் பணம் சேர்த்து 1832இல் இதைக் கட்டினார்கள் என்பது அதன் சாரம். நான் வாசித்துத் தமிழில் சொல்லி முடித்தேன். பின்னால் நின்ற ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ரோட்டு வெட்டின ஆக்கள்ட பேரு எங்க எழுதீக்கி?"

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817-18 ஊவாக் கிளர்ச்சி அவர்களைக் கலக்கிவிட்டது. மலைநாட்டுக்குள் படையும் பீரங்கியும் விரைவாகப் போக வழியில்லாத பயம் அது. அதற்குப் பிறகுதான் வீதி வேலை மும்முரமாகியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அதற்கு எடுத்த ஆயுதம் ராஜகாரிய. காணி அனுபவிப்பதற்குப் பதிலாக மன்னனுக்குச் செய்த சேவையை, கூலியில்லாமல் பாறை உடைக்கும் வேலையாக மாற்றினார்கள். குடும்பத்தையும் வயலையும் விட்டு வந்த கிராமத்துச் சிங்கள விவசாயிதான் இந்தக் கணவாயின் உண்மையான பொறியியலாளன்.

எங்கள் ஆட்கள் அப்போது எங்கே? கண்டி அரசில் மடிகே பத்த என்றொரு போக்குவரத்துத் திணைக்களம் இருந்தது. அதில் பெரும்பாலும் முஸ்லிம்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே போகும். பாக்கும் மிளகும் கீழே இறங்கும். மாட்டின் இருபுறமும் பொதி தொங்க, ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடப்பார்கள். லோர்னா தேவராஜா தம் நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். மலைநாட்டு முஸ்லிம் நேற்றுக் கடை போட வந்தவன் என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உம்மும்மாவின் கைதான்.

ஆனால் ஒரு பக்கத்தை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. ஊவாக் கிளர்ச்சிக்குப் பொறி தட்டியது, வெல்லஸ்ஸையில் ஹாஜி மரிக்காரை மடிகே முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தது. அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் அயலிலுள்ள சிங்களவரோடு ஒன்றாகவே வாழ்ந்தன. நாங்கள் ஒரே பக்கமாக நின்ற ஒரே கூட்டம் அல்ல.

1832ஐப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். கோபுரம் எழுந்த வருடம் அது. கொழும்பிலிருந்து கண்டிக்குத் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியதும் அதே வருடம்தான். கோல்புறூக் ஆணைக்குழுவின் காலத்தில் ராஜகாரிய ஒழிக்கப்பட்டதும் அதே வருடம். வீதி முடிந்த பிறகு கட்டாய வேலைக்கு முடிவு! உடைத்தவனுக்கு அதனால் என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

தவளத்துக்கு அந்த வீதி நல்லது செய்யவில்லை. கரத்தை வந்தது, கோப்பி வந்தது, 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. ஒற்றையடிப் பாதைகளைக் காடு மூடியது. மாடு போனவர்களில் பலர் வீதியோரத்தில் கடை வைத்தார்கள். வேறு வாசலும் திறந்தது. 1833இல் எம். எல். சித்திலெப்பை முஸ்லிம்களில் முதலாவது புரொக்டரானார். அவருடைய மகன் 1838இல் கண்டியில் பிறந்தார். அவரைப் பற்றி இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீதியோரக் கடைகளின் வரிசையில்தான் 2001 மே மாதத்தில் மாவனல்லை எரிந்தது. அன்று நான் புதிதாகச் சேர்ந்த ஆசிரியன். கரியும் தண்ணீரும் கலந்த தெருவில் நடந்து பாடசாலைக்குப் போனேன்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள வயதானவர்களிடம் தவளம் பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள் என்று. முப்பத்தொரு பிள்ளைகள். நாலு பேர்தான் ஏதாவது கொண்டுவந்தார்கள். மற்றவர்களுடைய வீட்டில் அந்தச் சொல்லே தெரியாதாம். நாலில் ஒருத்தி, கேள்வி கேட்ட அதே பிள்ளை. அவளுடைய மூத்தம்மா, மாட்டுக்குப் பொதி கட்டும் சாக்குக்கு ஒரு பேர் இருந்தது, நாக்கு நுனியில் நிற்கிறது, வருகுதில்லை என்று சொன்னாராம். "அடுத்த கிழம திரும்பக் கேட்டு எழுதுறேன் சேர்" என்றாள்.

கொப்பியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.