பேழையும் பெருக்கற் கணக்கும்

ஆதியாகமத்தின் ஆறாம் அதிகாரத்திலே, உயிரினங்கள் யாவற்றிலும் ஒவ்வொரு சோடியைப் பேழையிற் சேர்க்குமாறு நோவாவுக்குக் கட்டளை பிறக்கிறது. ஏழாம் அதிகாரத்திலோ சுத்தமான மிருகங்களில் ஏழேழு சேர்க்க வேண்டுமென்று கூறப்படுகிறது. இத்தகைய முரண்களை விசுவாசிகள் அறியாதிருந்தாரல்லர். இரண்டாம் நூற்றாண்டிலே தாத்தியன் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே வரலாறாகப் பின்னினார். இயேசுவின் வம்ச வரலாறு மத்தேயுவில் ஒருவிதமாகவும் லூக்காவில் வேறுவிதமாகவும் இருப்பதற்கு, மூன்றாம் நூற்றாண்டினரான யூலியஸ் ஆபிரிக்கானுஸ் யூதரின் விவாக வழக்கைக் காட்டிச் சமாதானங் கூறினார். பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணந்து சந்ததி உண்டாக்கும்போது, பிறந்த மகனுக்குப் பெற்ற தந்தை ஒருவன், சட்டத்தால் தந்தையாவான் மற்றொருவன். சாமர்த்தியமான விளக்கந்தான்! 400ஆம் ஆண்டளவில் அகுஸ்தீன் இப்பொருளுக்கென ஒரு முழு நூலே எழுதினார். இவையெல்லாம் கற்றோர் கற்றோர்க்கு உரைத்தவை.

கேள்வி வேறோரிடத்திலிருந்து எழுந்தபோதுதான் நிலைமை மாறியது. தென்னாபிரிக்காவின் நேட்டாலிலே 1853 முதல் ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சராயிருந்தவர் ஜோன் வில்லியம் கொலென்சோ. முன்னர் அவர் கணித ஆசிரியர். அவரது எண்கணித நூல் இங்கிலாந்துப் பாடசாலைகளிற் பெருவழக்கிலிருந்தது. வேதாகமத்தைச் சூலு மொழியிற் பெயர்க்கையில் அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் இங்கிடி என்னும் சூலு இனத்தவர். பிரளயக் கதைக்கு வந்தபோது இங்கிடி தலைநிமிர்ந்து, இவையெல்லாம் உண்மைதானா என வினவினார். வெப்ப நாட்டு மிருகங்களும் குளிர்நாட்டு மிருகங்களும் சோடி சோடியாக வந்தனவா? மாமிசம் தின்னும் பறவைகளுக்கும் நோவா உணவு சேர்த்தாரா? புவிச்சரிதவியல் கற்றிருந்த கொலென்சோவால் ஆம் என்று கூற இயலவில்லை.

கணித ஆசிரியர் கணக்கையே கையிலெடுத்தார். அவரது ஆராய்ச்சியின் முதற் பாகம் 1862இல் வெளிவந்தது. யாக்கோபின் குடும்பத்தார் எழுபது பேர் எகிப்துக்குச் சென்றனர். லேவி முதல் மோசே வரை நான்கே தலைமுறை. அதற்குள் ஆறு இலட்சம் ஆடவர் புறப்பட்டது எங்ஙனம்? தாணுக்கு ஒரே மகன். அவன் கோத்திரத்திலோ 62,700 போர்வீரர்! இடைத்தலைமுறைகள் ஏட்டில் விடுபட்டன என்று சமாதானங் கூறுவோர் உளர். கொலென்சோ அவ்வழியை நாடவில்லை, விசுவாசத்தைக் கைவிடவுமில்லை. வேதாகமத்திலே கடவுளின் வார்த்தை உண்டு, ஆயின் அதன் ஒவ்வொரு வரியும் கடவுளின் வார்த்தை அன்று என்பதே அவர் கண்ட தெளிவு.

சூலுவை மதம் மாற்றச் சென்றவரைச் சூலு மாற்றிவிட்டான் என இங்கிலாந்து நகைத்தது. கேப் ரவுனில் றொபட் கிறே 1863இல் அவரை விசாரித்துப் பதவி நீக்கினார். கிறேக்கு அவ்வதிகாரம் இல்லையென 1865இல் கோமறைக் கழகம் தீர்த்தது. இவற்றினும் நமது கவனத்துக்குரியது மத்தேயு ஆர்னல்ட் 1863இல் எழுதிய கண்டனம். கணக்குப் பிழை என்பதன்று அவர் குற்றச்சாட்டு. அந்நூல் கற்றோர்க்குப் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை, கல்லாதாரை மேம்படுத்தவுமில்லை என்பதே. ஸ்பினோசா இலத்தீனில் எழுதியதை அவர் மெச்சினார். உண்மை இருக்கலாம், ஆனால் அது பொதுமக்களின் மொழியில் இருத்தலாகாது! பண்பாட்டின் காவலராகப் போற்றப்பட்டவரின் உள்ளக்கிடக்கை இது. மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். கொலென்சோவின் முன்னுரையிலும் கேள்வி கேட்டவர் பெயரில்லாத ஒரு சுதேசியாகவே வருகிறார்.

ஏட்டின் கூற்றுக்களை ஒப்புநோக்கப் பழகிய கண் ஆட்சியாளரின் கூற்றுக்களையும் அவ்வாறே நோக்கியது. 1873இல் இலுபி இனத் தலைவர் லங்காலிபாலேலேயைக் கலகக்காரர் எனக் காலனி அரசு சிறைப்பிடித்தது. அடுத்த ஆண்டு நடந்த விசாரணையின் சாட்சியங்களைக் கொலென்சோ ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அதன் அநீதியை வெளிப்படுத்தி, இலண்டனுக்கே சென்று முறையிட்டார். அவர் பேரரசின் பகைவரல்லர். பிரித்தானிய நீதியை நம்பியவர். அந்நம்பிக்கையே அவரை நேட்டால் வெள்ளையரிடமிருந்து தனிமைப்படுத்தியது. 1879 சனவரியில் இசாண்டில்வானாவிலே பிரித்தானியப் படை சூலுக்களிடம் தோற்றது. குடியேறிகள் பழிவாங்கத் துடித்தனர். மார்ச் மாதத்திலே பீற்றர்மரிற்ஸ்பேர்க்கில் அவர் மீகாவின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்தார். கடவுள் நியாயத்தையும் இரக்கத்தையும் கேட்கிறாரே, சூலு மக்களிடத்து நாம் காட்டிய நியாயம் எங்கே, இரக்கம் எங்கே என்பது அவர் கேள்வி. அவ்வாண்டிலேயே அவரது ஆராய்ச்சியின் ஏழாம் பாகமும் வெளிவந்தது. 1883இல் அவர் காலமானார். சூலு மக்கள் அவரைச் சொபண்டு, அதாவது மக்களின் தந்தை, என்றே அழைத்து வந்தனர்.